அழுகண்ணிக்கு வாங்கிய விளக்குகள்

என் வீட்டுக்காரருக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது என்பதை எனக்குச் சொன்னது டாக்டர் இல்லை, அவரும் இல்லை. ஒரு செடிப்பெட்டிக்கு எந்த லைட்டைப் போடுவது என்று நாங்கள் போட்ட சண்டைதான் சொன்னது. வேறொருவர் வீட்டில் கண் மங்கினால் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் அது நடக்காது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் அவருக்குச் சூளைத் தீ பார்க்கிற வேலை. சூளைச் சுவரில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாக உள்ளே பார்க்கவேண்டும். நெருப்பின் நிறத்தை வைத்து இன்னும் எரியட்டும், போதும் நிறுத்து என்று சொல்லவேண்டும். சூட்டை அளக்க மீட்டர் ஒன்று இருந்தது, ஆனால் அது பாதி நாள் செத்துக் கிடக்கும். அவர் கண் என்ன சொல்கிறதோ அதுதான் அங்கே சட்டம். கண் போனால் சூளை போகும். சூளை போனால் அந்த மனிதரிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வருடம் நான் பயந்த மாதிரி அதற்கு முன்னும் பயந்ததில்லை, பின்னும் இல்லை.

சுருள் சுருளான சி.எஃப்.எல். பல்புகள் எங்கள் ஊர்க் கடைவீதியில் அப்போதுதான் தொங்க ஆரம்பித்திருந்தன. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்திக்கொண்டிருந்தேன். மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

கம்மாபுரம் பக்கம் என் தம்பியின் நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுக்கப்போகிறார்கள் என்று கல் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஆறுதல் சொல்லலாம் என்று போனேன். வரப்பை ஒட்டி மழைநீர் கசியும் செம்மண் ஓரத்தில் அழுகண்ணி முளைத்திருந்தது. தரையோடு தரையாக, ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குச் சிவப்பாக விரிந்திருக்கும் செடி. இலை முழுக்க மயிர், ஒவ்வொரு மயிர் நுனியிலும் கண்ணீர் மாதிரி ஒரு பிசின் துளி. தண்ணீர் என்று நினைத்து எறும்போ கொசுவோ வந்து உட்கார்ந்தால் தீர்ந்தது கதை. ஒட்டிக்கொள்ளும், இலை மெல்ல மடங்கி அதைத் தின்றுவிடும். பாடப் புத்தகத்தில் படம் போட்டு நடத்திய செடி என் தம்பி வரப்பிலேயே இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. எல்லாம் மண்ணோடு போகப்போகிறதே என்று டிபன் பாக்ஸைக் காலி செய்து ஏழெட்டுச் செடிகளை மண்ணோடு பெயர்த்து எடுத்தேன். தம்பி பார்த்துக்கொண்டே நின்றான். "நெலத்தையே தூக்கிட்டுப் போறானுங்க, நீ புல்லைத் தூக்கிட்டுப் போறியாக்கா" என்றான். நான் டிபன் பாக்ஸை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மீன் தொட்டி ஒன்றை வாங்கி, அடியில் ஆற்றுமணலும் தேங்காய் நார்த்தூளும் போட்டு நட்டேன். எங்கள் ஊர் போர் தண்ணீரை ஊற்றினால் இந்தச் செடி தாங்காது, உப்பு. பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரைக் கேனில் வாங்கி வைத்து ஊற்றினேன். பக்கத்து வீட்டு அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அழுகண்ணியாமே, அழுவுற பேரை வெச்ச செடியை யாராவது வூட்டுக்குள்ள கொண்டாருவாங்களா என்று கேட்டுவிட்டுப் போனார். இன்னொருத்தர், நாட்டு வைத்தியம் பார்க்கிறவராம், இதை வைத்துச் செம்பைத் தங்கமாக்கலாம் என்று வாசலிலேயே நின்றார். அவரை அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்தது, வெளிச்சப் பிரச்சினை தீரவில்லை. வெயில் வருகிற பக்கம் பூராவும் பக்கத்து வீட்டுக்காரர் மாடி எழுப்பிவிட்டார். எங்கள் கூடத்தில் பட்டப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் அரிசியில் கல் தெரியும். மொட்டை மாடியில் வைத்தால் எங்கள் ஊர் வெயிலுக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் செடி வெந்துவிடும், மிச்சத்தைக் குரங்கு பார்த்துக்கொள்ளும். ஆகவே கூடத்து மூலையில் வைத்து, மேலே ஒரு லைட்டைத் தொங்கவிடுவது என்று முடிவு செய்தோம். எந்த லைட்டு என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் ஒரு குண்டு பல்பை வாங்கிக்கொண்டு வந்து மாட்டிவிட்டார்.

அவர் சொன்ன நியாயத்தைக் கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் பட்டறைக்காரர்களுக்கு அதுதான் நியாயம். சூளையில் நெருப்பு முதலில் சிவப்பு. சூடு ஏற ஏற ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள், கடைசியில் வெள்ளை. வெள்ளைதான் உச்சம், அந்த வெள்ளையில் பீங்கானே கண்ணாடி மாதிரி மினுங்கும். அதனால் டியூப் லைட்டு வெள்ளையாக எரிகிறது என்றால் அது பெரிய சூடு, குண்டு பல்பு மஞ்சளாக எரிகிறது என்றால் அது இளந்தீ. சின்னச் செடிக்கு இளந்தீ போதும். வாழ்நாள் பூராவும் நெருப்பைப் பார்த்த மனிதர் சொல்கிறார், நான் எதை எடுத்து மறுப்பது?

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தபோது தொட்டிக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. மூடியைத் தூக்கினால் கீரை வேகிற வாடை. இலை ஓரமெல்லாம் கருகிச் சுருண்டிருந்தது. எனக்குக் கோபம் சட்டென்று வரும். செடியை வளர்க்கச் சொன்னேனா, பொரியல் செய்யச் சொன்னேனா என்று ஆரம்பித்தேன். அவரும் விடவில்லை, "நெருப்பைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறீங்களா டீச்சரம்மா" என்றார். கோபம் வந்தால் அவருக்கு நான் டீச்சரம்மா. நான் அவர் கையைப் பிடித்து முதலில் எரிகிற டியூப் லைட்டைத் தொட வைத்தேன், அப்புறம் குண்டு பல்பைத் தொட வைத்தேன். வெடுக்கென்று கையை இழுத்து விரலை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு அவரே சிரித்துவிட்டார். இது ஊருலகத்துல இல்லாத நெருப்பா இருக்குது என்றார்.

டியூப் லைட்டு தொட்டியைவிட நீளம், தொங்கவிட முடியாது. சி.எஃப்.எல். சரியாக இருக்கும். அதில் இரண்டு வகை வந்தது, மஞ்சள் வெளிச்சம் ஒன்று, வெள்ளை வெளிச்சம் ஒன்று. மஞ்சளில் செடி வெளிறி நீண்டுகொண்டு போகும், வெள்ளையில்தான் குட்டையாக, சிவப்பாக நிற்கும் என்று நான் எதிலோ படித்திருந்தேன். வெள்ளை வாங்கி வாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினேன். மஞ்சளை வாங்கிக்கொண்டு வந்தார். மாட்டிவிட்டு, "பாரு, பால் மாதிரி எரியுது" என்று வேறு சொன்னார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். முதல் சண்டையில் தோற்றதற்காக வேண்டுமென்றே விளையாடுகிறார் என்று நினைத்தேன். திருப்பிக் கொடுத்து மாற்றி வரச் சொன்னேன். போனார், வந்தார், மறுபடியும் மஞ்சள்தான்.

பல்பை எடுத்துக்கொண்டு நானே கடைக்குப் போனேன். கடைக்கார பாய் வளைகுடாவில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு வந்து கடை போட்டவர். என் கணவருக்குப் பழக்கம். என்ன பாய், வெள்ளை கேட்டால் மஞ்சளைக் கொடுத்து அனுப்புகிறீர்கள் என்று படியேறும்போதே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. என்னை உள்ளே வரச் சொல்லி, குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்.

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எரிய விட்டுக் காமிச்சேங்க அக்கா. அண்ணன் மஞ்சளைக் காட்டி இதான் வெள்ளைன்னாரு. ரெண்டாவது தடவையும் அதேதான் சொன்னாரு. நான் எப்படி மறுத்துப் பேசுறது?"

அவர் என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மனசு இருக்கிறதே, அது ஏதாவது ஒரு சாக்கைக் கண்டுபிடித்துவிடும். கடையில் வெயில் அடித்தது, அதில் என்ன நிறம் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்து வெள்ளை பல்பை மாட்டினேன். என் வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, நானும் இதைத்தானே வாங்கிட்டு வந்தேன் என்றார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

அந்த வெளிச்சத்தில் செடி பிழைத்தது. கருகிய இலைக்கு நடுவிலிருந்து புது இலை வந்தது. முதலில் பச்சை, பிறகு ஓரத்தில் சிவப்பு, பிறகு மயிர் மயிராக முளைத்து நுனியில் துளி கட்ட ஆரம்பித்தது. வெளிச்சம் போதவில்லை என்றால் இந்தச் செடி துளி கட்டாது. துளி இருந்தால் நலம், துளி இல்லாவிட்டால் ஏதோ குறை. நான் காலையில் எழுந்து சிலுவை போட்டதும் முதலில் போய்ப் பார்ப்பது அந்தத் துளியைத்தான். அவரிடமும் அதைச் சொல்லியிருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் கடலூருக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கேயே தங்கவேண்டியதாயிற்று. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன். போன் செய்யும்போதெல்லாம் துளி எப்படி இருக்கிறது என்று கேட்பேன். நல்லா கட்டியிருக்குது, முத்து முத்தா இருக்குது என்பார். கரண்டு போகிறதே என்றால், வந்தவுடனே போட்டுடறேன் என்பார்.

திரும்பி வந்த அன்று மத்தியானம் அவர் வீட்டில்தான் இருந்தார். பையைக்கூட இறக்காமல் தொட்டியைப் பார்த்தேன். தொட்டி அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நார்த்தூள் காய்ந்து கண்ணாடியை விட்டு விலகியிருந்தது. செடிகள் எல்லாம் கறுத்து மண்ணோடு ஒட்டிப் போயிருந்தன. வெள்ளை லைட்டு மட்டும் நன்றாக எரிந்துகொண்டிருந்தது. அவர் எனக்குப் பின்னால் வந்து நின்று, என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தார்.

"பாத்தியா. முத்து முத்தா எப்படி நிக்குது."

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. என்னைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்கிற ஆசை மட்டும்தான் அந்த முகத்தில் இருந்தது.  எத்தனை துளி இருக்கிறது, எண்ணிச் சொல்லுங்கள் என்றேன். அவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். கண்ணாடியை விரலால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு நிமிராமலே, செத்துப்போச்சா என்று கேட்டார்.

நாற்காலியில் உட்கார வைத்துப் பேச வைத்தேன். ஒரு வருடமாகவே கண்ணுக்கு முன்னால் எண்ணெய்க் காகிதத்தைப் பிடித்த மாதிரி இருக்கிறதாம். நீலமும் வெள்ளையும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, எல்லாம் ஒரே பழுப்பு. எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் முதல் வாசகம் அவர்தான் வாசிப்பார், கணீரென்ற குரல். தொண்டை சரியில்லை என்று சாமியாரிடம் சொல்லி விட்டுவிட்டார். நானும் மிளகு ரசம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், என் புத்தியை என்ன சொல்வது?

"அப்ப சூளையில என்னாங்க பண்றீங்க?" என்றேன்.

தீ எரிகிற சத்தத்தைக் கேட்கிறாராம். ஓட்டையிலிருந்து வருகிற அனல் கன்னத்தில் படுகிறதே, அதை வைத்துக் கணக்குப் போடுகிறாராம். சூளைக்குள்ளே சின்னதாக ஒரு மண் கூம்பு வைத்திருப்பார்கள். சூடு பதத்துக்கு வந்தால் அது தலை சாயும். அது சாய்ந்துவிட்டதா என்று கடைசியில் பார்த்துச் சொல்ல வேண்டியது அவர்தான்.

"கூம்பு எனக்குத் தெரியறதே இல்ல. சாஞ்சிருக்கும்னு நெனச்சுச் சொல்லிடுவேன். மாதா புண்ணியம், இதுவரைக்கும் தப்பினது இல்ல."

நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். சூளை வெடித்தால் என்ன ஆவது, பக்கத்தில் நிற்கிறவன் வீட்டுக்கு யார் பதில் சொல்வது, என்னிடம் சொல்வதற்கு என்ன கேடு என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன்.  நிழலாகத் தெரிகிற என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் திருப்பித் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

பாண்டிச்சேரியில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு கண்ணிலும் புரை, வருடக்கணக்காக நெருப்பை உற்றுப் பார்க்கிறவர்களுக்குச் சீக்கிரமே வருவது என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்தால் பார்வை நன்றாகத் திரும்பிவிடும் என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் இவர் பஸ்ஸு ஏறியதும் ஒரு நிபந்தனை போட்டார். பட்டறையில் ஒருவருக்கும் தெரியக்கூடாது. இவருக்கு முன்னால் தீ பார்த்தவர் கண் ஆபரேஷன் செய்துகொண்டு வந்ததும் அவரைக் கேட்டில் உட்கார வைத்துவிட்டார்களாம். கறுப்புக் கண்ணாடியோடு அவர் லாரிக்குக் கதவு திறந்துவிட்டதை இவர் தினமும் பார்த்திருக்கிறார். வேளாங்கண்ணிக்கு நேர்த்திக்கடன், குடும்பத்தோடு போகிறோம் என்று லீவு கேட்கவேண்டும். பொய் சொன்னால் தன் முகம் காட்டிக்கொடுத்துவிடும், நீயே போய்க் கேள் என்றார். நான் மாட்டேன் என்றால் ஆபரேஷனே வேண்டாம் என்பார். சரி என்றேன்.

பட்டறை முதலாளி தன் அறையில் ஃபியூஸ் கட்டைகளை மேசை மேல் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டார். நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பொய்யைத் தடங்கல் இல்லாமல் சொல்லி முடித்தேன். அவர் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தார்.

"வேளாங்கண்ணிக்கா, பாண்டிக்கா டீச்சர்?"

 அவரே சொன்னார். போன கோடையில் ஒரு சூளைச் சரக்கு முழுக்க வீணாகிவிட்டது. சூளை எரிக்கிற எண்ணெய் சரியில்லை என்று என் கணவரிடம் எல்லோரும் சேர்ந்து சொல்லிவிட்டார்கள். அவரும் நம்பிவிட்டார். அதிலிருந்து அவர் ஓட்டையில் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் நகர்ந்ததும், மேஸ்திரி போய் மறுபடியும் பார்ப்பாராம். மேஸ்திரி கையைக் காட்டினால்தான் தீயை நிறுத்துவார்களாம். இவர் போதும் என்று குரல் கொடுப்பார், ஆகட்டும் என்பார்கள், ஆனால் தீ எரிந்துகொண்டிருக்கும். அங்கே வேலை செய்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும்.

"ஆபரேஷனை நல்லா முடிச்சுட்டு வரச் சொல்லுங்க. பேக்கிங்ல இருக்கட்டும், சம்பளம் கொறையாது. சூளை மட்டும் வேணாம் டீச்சர். மேஸ்திரி கைக்கு வந்துடுச்சு. அவருகிட்டச் சொல்ல எங்க யாருக்கும் மனசு வரல. நீங்க சொல்லிடுங்க."

நல்ல மனிதர்தான், தப்பாக ஒன்றும் பேசவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. திட்டி அனுப்பியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். வெளியே வந்தபோது சூளைப் பக்கம் நின்ற ஆட்கள் எனக்கு வணக்கம் சொன்னார்கள். யார் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை.

அவர் வாசலிலேயே நின்றிருந்தார். சைக்கிள் சத்தத்தைக் கேட்டே நான் என்று கண்டுபிடித்துவிட்டார்.

"சந்தேகப்பட்டாங்களா?"

"இல்லங்க. எனக்கும் ஒரு மெழுவத்தி ஏத்துங்கன்னாரு" என்றேன். எங்கிருந்துதான் அது என் வாயில் வந்ததோ.

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தார். ஒருத்தனுக்கும் தெரியாம ஒரு வருஷம் ஓட்டியிருக்கேன் பார்த்தியா, கண்ணு தெரிஞ்சவனே பதம் தப்புவான், நான் ஒரு சூளை தப்பவிடலை என்றார். போன கோடையில் மட்டும் எண்ணெய் சரியில்லாமல் ஒன்று போயிற்று, அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். தலையாட்டியது அவருக்குத் தெரிந்திருக்காது என்று, ஆமாங்க என்று வாயாலும் சொன்னேன்.

மறுநாள் காலையில் பாண்டிக்கு பஸ்ஸு ஏறினோம். ஜன்னல் ஓரத்தில் அவரை உட்கார வைத்தேன். ஆபரேஷனுக்குப் போகிற பயம் கொஞ்சமும் இல்லை, திருவிழாவுக்குப் போகிற மாதிரி பேசிக்கொண்டே வந்தார். பேச்செல்லாம் நெருப்பைப் பற்றித்தான். கூம்பு சாய்வதற்கு முன்னால் ஒரு வெள்ளை வருமாம். அந்த நேரத்தில் உள்ளே இருக்கிற சாமான் வேறு, நெருப்பு வேறு என்று தெரியாதாம். அதைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்றார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முன் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தேன். அவர் கையைத் துழாவி என் கையைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணுக் கட்டை அவுத்ததும் ஒரு நாளு உன்னைச் சூளைக்குக் கூட்டிட்டுப் போறேன். நீயும் அந்த வெள்ளையைப் பாக்கணும்."

"காட்டுங்க" என்றேன்.